ஆகலேது

எங்கள் தெருவில் தரை எப்போதும் நடுங்கும்.
ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனுக்கும் நகரிக்கும் நடுவில்
வீட்டுக்கு ஆறு தறி, எட்டுத் தறி.
சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாய் அலை.
பிள்ளை பெற்று வந்தவள் அந்த நடுக்கத்தில்தான் தூங்குகிறாள்.
டிவியில் பூகம்பம் என்றபோது
இழை முடிந்துகொண்டே தேசம்மா கேட்டாள்:
நம்ம தறி மாதிரியா?

கூர்க்கா என் பின்னறையில் குடியிருந்தான்,
மாதம் நானூறு வாடகை.
இரவெல்லாம் விசில், கம்பத்துக்குக் கம்பம் கோலால் ஒரு தட்டு.
விடிந்ததும் வந்து படுப்பான்.
சுவருக்கு அந்தப் பக்கம் என் ஆறு தறி.
பதினோரு வருடம்.

அந்தச் சித்திரைச் சனிக்கிழமையிலிருந்து மூன்று நாள்
அவன் போனில் ஒரு பெண் குரல்
நேபாளியில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.
பெண்டாட்டி என்று நினைத்தேன்.
லைன் கிடைக்கவில்லை என்று சொல்கிற குரலாம்.

நான்காம் நாள் பகலில் பாயைச் சுருட்டிக்கொண்டு
ஸ்டேஷன் சிமெண்ட் பெஞ்சுக்குக் கிளம்பினான்.
ஏன் என்றதற்கு உள்ளங்கையைத் தரையில் பதித்துக் காட்டினான்.
அக்கா, இதி ஆகலேது.
தெலுங்கில், இது நிற்கவில்லை.
என் தமிழ்க் காதுக்கு
என்னவோ இன்னும் ஆகவில்லை என்று கேட்டது.

தறியை நிறுத்தினேன்.
பெருமைக்குச் சொல்லவில்லை, ஒரே ஒரு மதியம்.
பக்கத்து வீட்டு எட்டும் எதிர்வீட்டுப் பத்தும் ஓடின.
சொம்பில் அலை கொஞ்சம் சின்னதானது, அவ்வளவுதான்.
மறுநாள் புத்தூர் சேட்டு போன் செய்தார்,
முப்பது உருப்படி பாக்கி என்று.
சுவிட்சைப் போட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் ஷாமியானா கட்டி
நிவாரணத்துக்குத் துணி சேர்த்தார்கள்.
நானும் கொடுத்தேன்:
ஊடை விட்டுப்போன சேலை பதினான்கு,
சாயம் பிடிக்காத லுங்கி ஒரு கட்டு.
விற்கிற சேலை ஒன்றுகூட இல்லை.
நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் நின்று
அவன் அந்தக் குவியலைக் கிளறினான்.
ஸ்வெட்டர் இருக்கா அக்கா, அங்கே ராத்திரி குளிரும்.
நகரியில் யாரிடம் ஸ்வெட்டர்?
மார்கழியில் திருமலை ஏறுகிற முனிரத்தினம்
ஒரு குரங்குக் குல்லா கொண்டுவந்தார்.
அதை மட்டும் தன் பையில் வைத்துக்கொண்டான்.

ரயிலேறும் முன் தெருவில் வசூல்.
மாதப் பத்து ரூபாய்க்கு
அடுத்த மாசம் வா என்று கதவைச் சாத்தியவர்களும் போட்டார்கள்.
நாலாயிரத்து முந்நூறு.
அதிலிருந்தே நானூறை எண்ணி
என் கையில் வைத்தான், வாடகை.
வாங்கிக்கொண்டேன்.

தை பிறந்து திரும்பி வந்தான்.
முன்பெல்லாம் நாளுக்கொரு தரம் மகள் பேரைச் சொல்வான்.
இப்போது அவன் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.
சர்க்கார் தகரம் கொடுத்ததாம்.
மூன்று தவணைப் பணத்தில் ஒன்று வந்ததாம்.
அடுத்ததற்கு, போட்ட அஸ்திவாரத்தைப்
போட்டோ எடுத்துக் காட்ட வேண்டுமாம்.
அஸ்திவாரத்துக்குத்தானே அக்கா பணமே கேட்டோம்
என்று சிரித்தான்.
தகரத்தில் மழை விழுந்தால்
உன் தறிச் சத்தம்தான் என்றான்.

அதே பின்னறை, அதே நானூறு.
பகலில் ஆறு தறிக்கும் மேலே குறட்டை கேட்கிறது.

நேற்று பதினொன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது.
தெரு முழுக்க ஒரே அடியில் ஓய்ந்தது.
பின்னறைத் தாழ்ப்பாள் தெறித்தது.
வெறுங்காலோடு நடுத்தெருவில் நின்றான்,
தலையில் அந்தக் குல்லா, வாயில் விசில்.
ஊதவில்லை.
இரண்டு பக்கச் சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தான்.
தேசம்மா அறுந்த இழையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.
உள்ளே வா என்று கூப்பிட வாயெடுத்தேன்.
எந்தச் சுவருக்குள் என்று கூப்பிடுவது?

சொம்பில் தண்ணீர்
அசையவே இல்லை.